ஒட்டாத தாள்

ஹட்சன் நதிக்கரையின் பழைய டச்சு தேவாலயத்தில், நவம்பர் மாத மத்தியான வெயில் பதிவறை மேஜைமேல் சாய்ந்து விழுகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டும் தேவாலய எழுத்தர் காரெட் ஓஸ்டர்வெல்ட்டின் வெளுத்த விரல்களை விட்டு லவினியாவின் கண் நகரவேயில்லை. அவளும் ஓஸ்டர்வெல்ட்தான், அவர் குடும்பத்துக்கு அடிமைகளாக இருந்த அவளுடைய முன்னோர் சுமந்து வந்த பெயர் அது. மூதாதை டைனாவின் குழந்தைக்குத் தகப்பன் யாரென்று கேட்டு தேவாலயத்துக்கு மூன்று கடிதம் போட்டாள். அப்படியொரு பதிவே இல்லையென்று மூன்று முறையும் இவர்தான் பதில் எழுதினார். 1763ஆம் ஆண்டுப் பக்கங்கள் வந்ததும் அவர் விரல் ஒரு கணம் தயங்குகிறது. தாள் கனமாகத் திரும்புகிறது. “ரெண்டு தாளைச் சேர்த்துத் திருப்புறீங்க, சார்.” “பழசும்மா, ஒட்டிக்கிச்சு. பிரிச்சா கிழிஞ்சிரும்.” “நாப்பது வருஷம் நர்ஸ் வேலை பாத்தவ நான். புண்ணுல ஒட்டின துணியையே வலிக்காம எடுத்திருக்கேன். கையை எடுங்க.” அவர் எடுக்கவில்லை, காதுமடல் சிவக்கிறது. லவினியா அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல நகர்த்தி, நகத்தை நுழைக்கிறாள். தாள் தடையில்லாமல் பிரிகிறது. பழுப்பேறிய மையில் குழந்தை பீட், தாய் அடிமை டைனா, தகப்பன் காரெட் ஓஸ்டர்வெல்ட். “எங்க மூதாதை அவர். அவர் பேரத்தான் எனக்கு வச்சாங்க,” என்கிறார் அவர், தலை நிமிராமல். “வெளிய தெரிய வேணாமே.” லவினியா மேஜைமேல் இருந்த ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளுகிறாள். “உங்க கையாலயே நகல் எழுதி, கையெழுத்துப் போடுங்க.” பேனா கீறத் தொடங்குகிறது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவர் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் அவள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள்.