எட்டு வோல்ட்

“கரண்ட் பிரேக்ல குறையே இருக்காது தம்பி, நானே ஒயர் போட்டது. எம் பய ஓட்டும்போது தூங்கியிருப்பான். கேட்டா, மிதிச்சேன், பிடிக்கலைன்னு புளுகினான்,” என்றார் ட்ரெயிலர்காரர்.

மெக்கானிக் பேட்டரியை மாட்டி, பிரேக்கைப் போட்டுவிட்டு, நசுங்கிய ட்ரெயிலருக்கு அடியில் மீட்டரோடு புகுந்தான். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட். கடைசிச் சக்கரத்துப் பிரேக்கில் எட்டுதான்.

“இவ்வளவு நீளத்துக்கு நூல் மாதிரி ஒயரா போடுவீங்க? கரண்ட் பாதி வழியிலேயே மூச்சு வாங்குது. சரக்கோட இறக்கத்துல எவன் மிதிச்சாலும் பிடிக்காதுங்க. பையன் மேல தப்பே இல்ல.”

ட்ரெயிலர்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அட, இதுக்கேன் இடிஞ்சு போறீங்க? வீட்டுக்குப் போய் பையன்கிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“ஆஸ்பத்திரியில அதுக்குத்தான், தம்பி, அவன் காத்துக்கிட்டிருந்தான். உயிர் போற வரைக்கும் ‘மிதிச்சேம்பா’ன்னான். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.”