சமையலறை மேசைப் பிரசாரம்

வாரனுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. வந்திருந்த இரண்டு பெண்களும் ஓட்டுக் கேட்கவில்லை. அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, டீயும் லாமிங்டன் கேக்குமாக, அவர் மனைவி ஜோஸ்லின் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்லீங்க" என்றாள் வந்தவர்களில் ஒருத்தியான பிரிஜிட்.

"வேட்பாளர் யாரு?"

"இன்னும் இல்ல. முதல்ல ஜனங்க சொல்றதைக் கேக்கிறோம். அப்புறம்தான் ஆளு."

"ஆளே இல்லாம பிரசாரமா? என்னம்மா கூத்து இது!"

"குறுக்கே பேசாதீங்க வாரன்" என்று அதட்டினாள் ஜோஸ்லின். "மழை பெஞ்சா பாலம் முங்கிடுது. டாக்டரைப் பாக்க மெல்பர்னுக்கு ஓட வேண்டியிருக்கு. பதினோரு வருஷமா கத்துறேன், நம்ம எம்.பி. காதுல ஏறவே இல்ல."

பிரிஜிட் நோட்டை மூடினாள். "யாரு நின்னா நல்லதுன்னு நாப்பது வீட்டுல கேட்டோம். முக்கால்வாசிப் பேர் உங்க பேரைத்தான் சொன்னாங்க ஜோஸ்லின். நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன்."

வாரன் பதறி எழுந்தார். "அப்போ நான்?"

"பதினோரு வருஷம் எம்.பி.யா இருந்தது போதும், உக்காருங்க. உங்களுக்கு ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, இவங்க எழுதிக்குவாங்க."