சமையலறைப் பெட்டி

தமயந்திக்கு நிரந்தர வசிப்புரிமை வேண்டுமென்றால், அவளும் எழிலனும் உண்மையான தம்பதி என்று நிரூபணமாக வேண்டும். அதற்காகக் குடியேற்ற அலுவலகம் அவர்கள் சமையலறையில் ஒரு பெட்டியைப் பொருத்தியது. ஆறு மாதம் அது அவர்கள் பேசுவதைக் கேட்டு மதிப்பெண் போடும்.

அதுவரை கைப்பேசியைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துபோன எழிலன் மறுநாளே மாறினான்.

“ரசம் பிரமாதம்மா. நீ சாப்பிட்டியா? கால்வலி எப்படி இருக்கு?”

“பரவால்லைங்க,” என்றாள், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. நான்காம் மாதத்தில் பெட்டியைப் பார்க்க மறந்துபோனாள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. வசிப்புரிமை வந்தது. ஆள் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்.

அன்று எழிலன் கைப்பேசியைப் பார்த்தபடியே சாப்பிட்டான்.

“ரசம் எப்படிங்க இருக்கு?”

“அதான் பெட்டியக் கழட்டிட்டாங்களே,” என்றான் நிமிராமல்.

மூன்று நாள் யோசித்தாள். பிறகு அலுவலகத்தின் புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். புகார் உண்மையானால் வசிப்புரிமை ரத்தாகும் என்று எச்சரிக்கை வந்தது. பரவாயில்லை என்று நினைத்து, தன் பெயரைப் போடாமல் தன் வீட்டு முகவரியை மட்டும் எழுதினாள்.

‘இவர்கள் உண்மையான தம்பதியா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மறுபடியும் பெட்டி பொருத்தவும். இந்த முறை ஆறு மாதம் போதாது.’