சத்தம் போடாத வண்டி

விற்பனையாளர் அருணகிரி பெட்ரோல் வண்டியை முறுக்கிக் காட்டினார். ஷோரூமே அதிர்ந்தது.

"இதான் வண்டி," என்றான் செங்கல்வராயன்.

அவன் பெண்டாட்டி வேண்டா, பக்கத்திலிருந்த கரண்ட் வண்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. இனி தலையில் கூடை ஏற்றக்கூடாது என்று செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வண்டி வந்தால் கீரை வியாபாரம் ஓடும். இல்லையென்றால் வீட்டில் இரண்டு பேருக்கும் வயிற்றில் ஈரத்துணிதான்.

எந்த வண்டி என்பதில்தான் காலையிலிருந்து சண்டை.

அருணகிரி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த செங்கல்வராயனிடமே பேசினார். கரண்ட் வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் லைசென்ஸ் வேண்டாம். பெட்ரோல் செலவு இல்லை. சத்தமே வராது.

"அதாங்க வாணாங்கறேன். எங்கூர்ல கரண்ட்டே சொல்லாம கொள்ளாம போவுது. வண்டியும் அப்பிடியா?"

"யோவ், அது உறுமிகினு போனா என் கொரலு எவளுக்குக் கேக்கும்? வூட்ல சத்தம் போடத்தான் நீ கீறியே," என்றாள் வேண்டா.

அருணகிரி சிரித்துவிட்டார். செங்கல்வராயன் சிரிக்கவில்லை.

அவள் சேலையைச் செருகிக்கொண்டு கரண்ட் வண்டியில் உட்கார்ந்தாள். சைக்கிள் மிதித்த கால். வாசலில் கொஞ்சம் தள்ளாடி, ரோட்டில் நேரானது.

செங்கல்வராயனின் கை காற்றில் துழாவி அருணகிரியின் தோளைப் பிடித்தது.

"போய்ட்டாளா?"

அருணகிரி அப்போதுதான் அந்தக் கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"கல்குவாரி வெடிங்க," என்றான் செங்கல்வராயன். "அவ வர்றதே எனுக்குக் காதுலதான்."

ரோட்டில் பஸ் ஒன்று கடந்து போனது. அது போன பிறகு கேட்டது.

"செறுகீரே... அரகீரே... முருங்ககீரேய்..."

கையில் ஒரு கட்டு கீரை கிடையாது. ஆனாலும் எதிர் மாடியில் ஒருத்தி எட்டிப் பார்த்து, நில்லு என்றாள்.

குரல் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனது. திரும்பியது. செங்கல்வராயனின் முகம் அதோடு போய், அதோடு திரும்பியது.

வண்டி வாசலில் வந்து நின்றதைச் சொல்ல அருணகிரி வாயெடுத்தார்.

"தெரியுதுங்க," என்றான் அவன். "இதையே குடுத்துடுங்க."