குனிந்த நடை

எதிர்வீட்டு டீச்சர் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று போனாள். பதினைந்து நாள் கழித்துப் பாதி வயிற்றோடு திரும்பி வந்தாள். துணி தைக்க அளவெடுத்த தையல்காரம்மா டேப்பை உதறிவிட்டு மறுபடியும் சுற்றிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு அங்குல இடுப்பு முப்பத்தாறாகியிருந்தது!

“என்ன மாயம் பண்ணினீங்க டீச்சர்? அடுத்த மாசம் என் மக கல்யாணம். நான் தைச்ச துணி எனக்கே ஏறல.”

“ஒண்ணுமில்லக்கா, நடைதான்.”

“நாங்களும்தான் நடக்கிறோம். செருப்புதான் தேயுது!”

டீச்சர் கிளம்பினாள். இடுப்பை மடக்கி, தரையில் எதையோ தேடுகிறவள் மாதிரி, குட்டிக் குட்டி அடியாக வைத்து நடந்தாள். தையல்காரம்மாவுக்குப் பொறி தட்டியது. அட, சூட்சுமம் இந்த நடையில்தான் இருக்கிறது!

விஷயம் அவள் வாயில் தங்குமா? மறுநாள் காலையில் பதினோரு பெண்கள் வரிசையாகக் குனிந்து நடந்தார்கள். என்ன தொலைந்தது என்று தெரியாமலே பால்காரரும் கூடச் சேர்ந்து தேடினார். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், மூச்சு விடவில்லை.

பத்து நாளில் வயிறு இம்மியும் குறையவில்லை. முதுகுதான் நிமிர மறுத்தது. கல்யாணத்தில் இப்படி நின்றால் மானம் போய்விடுமே! தையல்காரம்மா குனிந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவள் உள்ளே வந்த நடையைப் பார்த்ததுமே டாக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“மெதுவா, மெதுவா! தொங்கற வயித்தை வெட்டித் தைச்சா கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் குனிஞ்சு நடக்கணும். நிமிர்ந்தா தையல் இழுக்கும். உங்களுக்கு ஆபரேஷன் ஆகி எத்தனை நாளாச்சு?”

தையல்காரம்மா வாயைப் பிளந்தாள். பிறகு பல்லைக் கடித்தாள்.

“ஆபரேஷன் எதிர்வீட்டுக்காரிக்கு, டாக்டர். முதுகு போனது எங்க பதினோரு பேருக்கு!”