எருமைக்கு ஏற்ற புத்தகம்

கொம்பு முழ நீளம் வளர்ந்த பிறகும் எருமை எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். ஒருநாள் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு நூலகக் கொக்கிடம் போய், "ஐயா, எனக்குப் புரியற மாதிரி ஒரு சண்டைக் கதை இருக்கா?" என்று கேட்டது.

"உன் படிப்புக்கு இதுதான்" என்று மழலைப் பாட்டுப் புத்தகத்தை நீட்டியது கொக்கு.

'செல்லக் கன்னுக்குட்டி, அம்மா மடி எங்கே?' என்று எருமை குளத்தங்கரையில் உரக்கப் படிக்க, கன்றுகள் விழுந்து விழுந்து சிரித்தன. மறுநாளே புத்தகம் திரும்பி வந்தது.

கொக்கு வாசல் பலகையில் எழுதிப் போட்டது: 'எருமைக்குப் படிப்பில் அக்கறை இல்லை.'

எருமை நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கடைசிவரை படித்தது.

"ஐயா, இது நல்லாப் புரியுது! செல்லம் கொஞ்சாம, பெரியவங்களுக்குச் சொல்ற மாதிரி இருக்கு. சண்டையும் இருக்கு. இதோட மீதிக் கதை எந்த அலமாரியில இருக்கு?"