நெஞ்சுப் பரீட்சை

தருமபுரத்து மாடி கிளப்பில் பகலிலும் ஜன்னல்கள் அடைத்திருக்க, பச்சைத் துணி மேசைக்கு மேல் மட்டும் விளக்கு எரிகிறது. ஸ்னூக்கரையே தொழிலாக்கிக்கொண்ட அகரன் கறுப்புப் பந்தைக் குறிபார்த்துக் குனிந்திருக்கிறான். மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்த அவன் அம்மா குஞ்சம்மாள் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். முந்தானையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. அவனை வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செலவு செய்து அனுப்பலாமா என்று எடைபோட வந்திருக்கும் ரகோத்தமன் அவள் காதருகே குனிகிறார். "கை சுத்தமா இருக்கும்மா. நெஞ்சு எப்படின்னுதான் தெரியணும். அப்பா படகு கவுந்துடுச்சுன்னு சொல்லுங்க. பொய்தானே? நான் சொன்னா நம்ப மாட்டான்." கடலுக்குப் போனவன் கரையேறும்வரை அந்தப் பேச்சை அவள் தெருவில் எவளும் விளையாட்டுக்குக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். முந்தாநாள் போன அவள் புருஷன் இன்னும் திரும்பவில்லை. ரகோத்தமன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "அகரா..." என்கிறாள். "அப்பா போன படகு கவுந்துடுச்சாம்டா." அவன் கையிலிருக்கும் கோல் ஒருமுறை பின்வாங்கி, நேராகப் போகிறது. கறுப்புப் பந்து விளிம்பில்கூட உரசாமல் மேசை மூலைப் பைக்குள் விழுகிறது. "தேறிட்டான்மா!" என்று ரகோத்தமன் அவள் காதில் கிசுகிசுக்கிறார். அகரன் நீலச் சாக்கட்டியை எடுத்துக் கோல் நுனியில் நிதானமாகத் தேய்க்கிறான். மேசையைச் சுற்றி வந்து அடுத்த சிவப்புப் பந்துக்குக் குனிகிறான். அது பொய் என்று இன்னும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.